வாடகை, சுற்றுப்புறம், தொலைவு: சென்னை வாடகைக் குடித்தனத்தின் தேர்வு வரலாறு (1931–2019)

ஆய்வுச் சுருக்கம்

மாநகரில் வாடகைக்கு வீடு தேடுவோர் வாடகைத் தொகை, வசிக்கும் பகுதியின் தன்மை, பணியிடத்தின் தொலைவு ஆகிய மூன்றையும் சீர்தூக்கி முடிவெடுக்கின்றனர் என்பது பொதுவாக நிலவும் கருத்து. சென்னையில் இம்மூன்றும் தம்மளவில் நிலையான எடைக்கற்களாக இருந்ததில்லை. மின்சார இரயிலும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் குடிநீரும் அவற்றின் எடையைக் காலந்தோறும் மாற்றின. தராசைக் கையில் பிடிக்கும் வாய்ப்பே எல்லோருக்கும் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: சென்னை, வாடகைக் கட்டுப்பாடு, புறநகர் மின்சார இரயில், ஒண்டுக்குடித்தனம், முன்பணம், மறுகுடியமர்வு

முன்னுரை

வாடகை குறைந்த வீடு தொலைவில் கிடைக்கும். அருகில் கிடைக்கும் வீட்டுக்கு வாடகை மிகுதி. நகர வாழ்வின் இவ்வெளிய உண்மைக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர். செருமானியப் பொருளியலாளர் யோகான் ஹைன்ரிக் வான் தூனன் 1826-இல் வெளியிட்ட நூலில், சந்தை நகரிலிருந்து விலக விலக விளைநிலத்தின் வாடகை மதிப்பு குறைந்துவருவதை விளக்கினார். வில்லியம் அலான்சோ 1964-இல் அதே தருக்கத்தை நகரக் குடியிருப்புக்குப் பொருத்திக் காட்டினார். தொலைவு கூடும்போது மிச்சமாகும் வாடகையும், அதனால் கூடும் பயணச் செலவும் எங்குச் சமமாகின்றனவோ அங்கே ஒரு குடும்பம் தங்கும் என்பது அவ்வாய்வுமரபின் சாரம்.

இக்கணக்கு சில எடுகோள்களின்மேல் நிற்கிறது. நகருக்கு மையம் ஒன்றே. குடும்பத்தில் பணிக்குச் செல்பவர் ஒருவரே. விரும்பியபோது வீடு மாறலாம். வாடகை தர இயன்ற எவருக்கும் வீடு கிடைக்கும். சென்னையின் கடந்த ஒரு நூற்றாண்டில் இவற்றுள் முதல் இரண்டும் சிலகாலம் ஓரளவு பொருந்தின. மூன்றாவது சட்டத்தாலும் பணவழக்கத்தாலும் தடைப்பட்டது. நான்காவது எக்காலத்திலும் முழுமையாகப் பொருந்தியதில்லை.

இரயிலடியும் வீடும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னையின் எழுத்தர் வேலைகள் பெரும்பாலும் ஒரே பகுதியில் குவிந்திருந்தன. கோட்டையிலிருந்த தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், துறைமுகம், தலைமை அஞ்சலகம், பாரிமுனையைச் சுற்றியிருந்த வணிக நிறுவனங்கள் யாவும் நடந்து கடக்கக்கூடிய தொலைவுக்குள் அடங்கின. 1895 முதல் ஓடிய மின்சார டிராம் இப்பகுதியை அண்மைப் பேட்டைகளோடு இணைத்தது. ஆயினும் டிராம் நகரை விரிக்கவில்லை. இருந்த நகருக்குள் ஓடியது.

நகரை விரித்தது 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தொடங்கப்பட்ட மீட்டர்பாதை மின்சார இரயில். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையின் வடமுனையில் அலுவலகங்கள் இருந்தன. தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனக் காலிநிலங்களும் சிற்றூர்களும் கிடந்தன. இவ்விரு முனைகளுக்கும் நடுவே மாம்பலம் அமைந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, நீண்ட ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட தியாகராய நகர் இப்பாதையின் கிழக்கே இருந்தது. மேற்கு மாம்பலம் மறுபக்கம் இருந்தது. திட்டமிட்ட அகன்ற தெருக்களும் பூங்காவும் ஒருபுறம். குறுகிய சந்துகளும் சிறு வீடுகளும் மறுபுறம். இரண்டுக்கும் இரயில் நிலையம் ஒன்றே. பணியிடத் தொலைவு சமமாக இருந்தும் இவ்விரு பகுதிகளின் வாடகையும் மதிப்பும் வேறுபட்டதற்குத் தெருவமைப்பும் மனையின் அளவும் காரணங்களாயின. தொலைவைக்கொண்டு மட்டும் வாடகையை விளக்க இயலாது என்பதற்கு மாம்பலத்தின் தண்டவாளமே போதிய சான்று.

சீசன் டிக்கெட் இக்கணக்கில் ஆற்றிய பங்கு ஆய்வாளர்களால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. மாதாந்தரச் சீசன் டிக்கெட்டின் கட்டணம் தனித்தனிப் பயணச்சீட்டுகளின் கூட்டுத்தொகையைவிட மிகக் குறைவு; தொலைவு இருமடங்கானால் கட்டணம் அதே விகிதத்தில் உயர்வதுமில்லை. எனவே இரயிலில் ஏறிவிட்ட பின் சைதாப்பேட்டைக்கும் குரோம்பேட்டைக்கும் இடையிலான பணவேறுபாடு வீட்டு வாடகை வேறுபாட்டின் முன் சிறியதாயிற்று. தொலைவின் விலை பணத்திலிருந்து நேரத்துக்கு இடம்பெயர்ந்தது. அந்நேரத்திலும் அட்டவணைப்படி ஓடும் வண்டியின் நேரம் முன்கூட்டியே அறியத்தக்கது. அறியவியலாதது வீட்டிலிருந்து இரயிலடிக்குச் செல்லும் நேரம். பழவந்தாங்கல் நிலையத்தை நம்பி நங்கநல்லூர் வளர்ந்ததும், புறநகர் வீட்டு விளம்பரங்களில் ‘ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரம்’ என்னும் தொடர் நிலைபெற்றதும் இதனால்தான். அலுவலகம் எத்தனை மைல் என்று கேட்பதை விட்டு, இரயிலடி எத்தனை நிமிடம் என்று கேட்கத் தொடங்கியபோது சென்னையின் நிலப்படமே வேறாயிற்று.

இக்கணக்கு எழுத்தர்க்கும் ஆசிரியர்க்கும் உரியது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்க்கு அது பொருந்தவில்லை. ஆலைச் சங்கு ஒலிக்கும் நேரத்தில் வாயிலில் நிற்கவேண்டியவருக்கு, முறைமாற்றுப் பணியின் இரவு நேரங்களில் வண்டியை நம்புவது அரிது. புளியந்தோப்பு, வியாசர்பாடி முதலிய பகுதிகளில் ஆலைக்கும் பணிமனைக்கும் நடந்து செல்லும் தொலைவில் நெருக்கமாக வாழ்ந்த குடும்பங்கள் சுற்றுப்புறத்தின் தரத்தை இழந்து தொலைவை வாங்கின. தென்புறத்து எழுத்தர் தொலைவைக் கொடுத்துக் காற்றையும் கிணற்றையும் பெற்றார். ஒரே நகரில் ஒரே காலத்தில் இருவேறு பரிமாற்றங்கள் நடந்தன.

சட்டம் நிறுத்திய குடித்தனம்

மக்கள்தொகைக் கணக்கின்படி 1931-இல் ஏறத்தாழ 6.47 இலட்சமாக இருந்த சென்னை நகர மக்கள் தொகை 1941-இல் 7.77 இலட்சமாகவும் 1951-இல் 14.16 இலட்சமாகவும் உயர்ந்தது. நகர எல்லையின் விரிவும் இதில் அடங்கும் எனினும், போர்க்காலத்திலும் அதன் பின்னரும் வந்துசேர்ந்தோரின் தொகையே இவ்வுயர்வின் பெரும்பகுதி. வீடு கட்டும் பொருள்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகள் அவை. போர்க்கால ஆணைகளாகத் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு 1946-இல் சட்டமாகி, 1949-இல் திருத்தி இயற்றப்பட்டு, 1960-ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றது.

1949-ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகையைக் கணிக்க எடுத்துக்கொண்ட அடிப்படை, 1940 ஏப்ரல் முதல் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அவ்வட்டாரத்தில் நிலவிய வாடகை. அதன்மேல் குறிப்பிட்ட அளவு உயர்வு அனுமதிக்கப்பட்டது. போருக்கு முந்தைய சென்னையின் விலையைப் போருக்குப் பிந்தைய சென்னையின்மேல் சுமத்திய ஏற்பாடு என்று இதனைக் கூறலாம். 1973-இல் செய்யப்பட்ட திருத்தம் கணக்கை மாற்றி, நிலமதிப்பும் கட்டுமானச் செலவும் சேர்ந்த தொகையில் ஆண்டுக்கு 9 விழுக்காட்டைக் குடியிருப்புக் கட்டடத்தின் நியாய வாடகையாக்கியது. நடைமுறையில் வாடகைத் தொகையைவிடக் குடியிருப்போருக்குப் பெரிய பாதுகாப்பாக அமைந்தது வெளியேற்றத்துக்கான கட்டுப்பாடே. வேண்டுமென்றே வாடகை செலுத்தாமை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், உரிமையாளரின் சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் முதலிய காரணங்களை மெய்ப்பித்தாலொழிய வெளியேற்ற இயலாது. வாடகைதாரர் இறப்பின், உடன்வாழ்ந்த குடும்பத்தினருக்கும் அவ்வுரிமை தொடர்ந்தது.

இச்சட்டம் எண்ணற்ற குடும்பங்களைத் தெருவில் நிற்காமல் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வீட்டுத் தேர்வின் வரலாற்றில் அதன் விளைவு வேறொன்று. 1950-இல் திருவல்லிக்கேணியில் குடியேறிய ஒருவர், பணியிடம் பின்னர்க் கிண்டித் தொழிற்பேட்டைக்கோ அம்பத்தூருக்கோ மாறினாலும் வீட்டை மாற்றத் துணியார். மாறினால் இழப்பது பழைய வாடகை, பெறுவது புதிய சந்தை விலை. ஆதலின் அவர் பயணத்தைக் கூட்டிக்கொண்டு வீட்டைக் காத்தார். அவர் விட்டுச் செல்லாத வீடு புதிதாக நகருக்கு வந்தவருக்குக் கிடைக்கவில்லை. முதலில் வந்தவருக்கு அளித்த பாதுகாப்பின் விலையைப் பின்னர் வந்தவர் புறநகரில் செலுத்தினார்.

உரிமையாளர்களும் தம் வழியைக் கண்டனர். புதிய கட்டடங்களுக்கு முதல் ஐந்தாண்டுகள் சட்டவிலக்கு இருந்தது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட வாடகையுள்ள குடியிருப்புகளுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கை 1986-இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது எனச் செல்லாததாக்கியது. பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதில் உரிமையாளருக்கு ஆர்வம் குன்றியது. இடித்துக் கட்டுவதில் ஆர்வம் மிகுந்தது. தனிவீடுகள் அடுக்ககங்களாக மாறியதற்கு நிலவிலை உயர்வு முதன்மைக் காரணம் எனினும், வாடகைதாரர் இல்லாத மனையின் மதிப்பும் அதற்குத் துணைநின்றது எனக் கொள்வதில் தவறில்லை. 1994-இல் அடுக்கக உரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது அம்மாற்றம் பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தது.

நகருக்குள்ளேயே தங்க விரும்பியவர்க்கு எஞ்சியது ஒண்டுக்குடித்தனம். ஒரு பெரிய வீட்டைப் ‘போர்ஷன்’களாகப் பிரித்து, பொதுக் கிணறும் பொதுக் கழிப்பிடமும் கொண்டு பல குடும்பங்கள் வாழ்ந்த அமைப்பு அது; ‘ஸ்டோர்’ என்றும் வழங்கப்பட்டது. 1968-இல் வெளிவந்த ‘எதிர்நீச்சல்’ திரைப்படம் அத்தகைய வீடொன்றையே களமாகக் கொண்டது. அதன் நாயகன் மாது குடியிருந்த இடம் மாடிப்படியின் அடி. நகைச்சுவைக்காகப் புனைந்த மிகை எனத் தோன்றினும், இடத்தைச் சுருக்கிக்கொண்டு தொலைவைத் தவிர்த்த ஒரு தலைமுறைப் பார்வையாளர்க்கு அது அயலான காட்சியன்று.

முன்பணம் என்னும் மறைவாடகை

1960-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளர் பெறத்தக்க முன்பணத்தை ஒரு மாத வாடகைக்குள் வரையறுத்தது. சென்னையில் நிலைபெற்ற வழக்கமோ பத்து மாத வாடகை. சட்டநூலுக்கும் தெருவுக்கும் இத்துணை இடைவெளி வேறு துறைகளில் காண்பது அரிது. எழுதிய ஒப்பந்தங்களும் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்பட்டன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தைத் தவிர்ப்பதே அதன் நோக்கம்.

முன்பணத்தைத் திரும்பக் கிடைக்கும் தொகை எனக் கருதி வாடகைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பலரது வழக்கம். அது பிழையான கணக்கு. மாதம் 10,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத முன்பணம் ஓர் இலட்சம் ரூபாய். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி எனக் கொண்டால் இழக்கும் வட்டி 6,000, மாதத்திற்கு 500. கடன் வாங்கி முன்பணம் கட்டியவருக்கு இத்தொகை இன்னும் கூடும். வெளியேறும்போது சுண்ணாம்பு அடிக்கும் செலவு கழிக்கப்படும். தரகருக்குத் தந்த ஒரு மாத வாடகை திரும்பாது. ஆகவே இரு வீடுகளின் மாத வாடகையை ஒப்பிடுவோர் உண்மையில் ஒப்பிடவேண்டியவை, அங்குத் தங்கும் காலம் முழுமைக்குமான செலவுகள். ஈராண்டு தங்குவோருக்கும் பத்தாண்டு தங்குவோருக்கும் ஒரே வீட்டின் விலை ஒன்றன்று.

முன்பணத்தின் சமூக விளைவு இதனினும் பெரிது. மாத வாடகை தரும் ஆற்றல் உடையவரையும் அது வாயிலில் நிறுத்தியது. நாட்கூலி பெறுவோர், புதிதாக வேலையில் சேர்ந்தோர், ஊரில் நிலமோ நகையோ அடகுவைக்க இல்லாதோர் ஆகியோர்க்கு வாடகை எட்டும் தொலைவிலும் முன்பணம் எட்டாத் தொலைவிலும் இருந்தன. திருவல்லிக்கேணி மேன்சன்களின் பெருக்கத்தை இதனோடு பொருத்திப் பார்க்கலாம்.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, எழுத்துவடிவ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியது. முன்பணத்தை மூன்று மாத வாடகையாக வரையறுத்த அதே பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து என்னும் நிபந்தனையையும் உடன்வைத்தது. பேரம்பேசும் வலிமை யாரிடம் உள்ளதோ அவர்க்கே அந்நிபந்தனை உதவும்.

நீரும் வீட்டுக்காரரும்

சுற்றுப்புறத்தின் தரம் என்னும் சொல் சென்னையில் முதலில் குறிப்பது தண்ணீரை. பள்ளி, மருத்துவமனை, கோயில், கடைத்தெரு ஆகியவை அதன் பின்னரே வருகின்றன. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் 1970-களின் தொடக்கத்துச் சென்னையை இப்பற்றாக்குறையின் வழியே காட்டியது. கிணறு எத்தனை அடி, அடிபம்பில் நீர் வருமா, உப்பா நல்ல தண்ணீரா என்னும் வினாக்கள் வாடகைப் பேரத்துக்கு முன்னரே எழுந்தன. 2003-04 வறட்சியின்போது லாரித் தண்ணீர் குடும்பச் செலவின் தனித் தலைப்பாயிற்று. மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானதும், வீராணம் நீர் 2004-இல் குழாய்வழி வந்ததும் நிலைமையைத் தணித்தன. 2019 கோடையில் அது மீண்டும் முற்றியது. அடுக்ககங்களில் பராமரிப்புக் கட்டணத்தோடு லாரி நீரின் பங்கும் சேரும்போது, குறைந்த வாடகை எனக் கருதிக் குடியேறிய வீடு கோடையில் விலை மிகுந்ததாகிவிடுகிறது.

நீரின் மறுமுகம் வேளச்சேரியில் வெளிப்பட்டது. ஏரியும் சதுப்பும் சூழ்ந்த அப்பகுதி, பறக்கும் இரயில் 2007-இல் அங்கு வந்து சேர்ந்தபின் தொலைவுக் கணக்கில் மிகவும் சாதகமான இடமாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கும் முடிச்சூரிலும் வீடுகளுள் நீர் புகுந்தது. தரைத்தளமா, மேல்தளமா என்னும் வினா அதன்பின் வசதியைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை.

‘பகுதி நல்ல பகுதி’ என்னும் மதிப்பீட்டுக்குள் சாதியும் சமயமும் ஒளிந்திருந்தன என்பதை வெளிப்படையாகக் கூறவேண்டும். மயிலாப்பூர் மாடவீதிகள், மேற்கு மாம்பலம், நங்கநல்லூர் முதலிய இடங்களில் சைவ உணவினர்க்கு மட்டும் என்ற நிபந்தனை வெறும் சமையலறை விதியன்று. பட்டியல் சாதியினரும் முஸ்லிம்களும் காலியான வீட்டின் முன் நின்றும் ‘இப்போதுதான் முடிந்துவிட்டது’ என்னும் விடையைக் கேட்டுத் திரும்பினர், இன்றும் திரும்புகின்றனர். தனித்து வாழும் பெண்களுக்கும் மணமாகாத ஆண்களுக்கும் வேறு சொற்களில் அதே விடை. வாடகைச் சட்டங்கள் வாடகையையும் வெளியேற்றத்தையும் ஒழுங்குபடுத்தின. அரசுப் பணியாளர்க்கு வீடு ஒதுக்கும் அதிகாரம் நீங்கலாக, யாரைக் குடிவைப்பது என்னும் உரிமையாளரின் விருப்பத்தில் அவை தலையிடவில்லை. 1961-இல் தோன்றிய வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகர், அசோக் நகர், கலைஞர் கருணாநிதி நகர் போன்ற குடியிருப்புகளின் சிறப்பை இங்குவைத்து எண்ண வேண்டும்: விண்ணப்பமும் குலுக்கலும் கொண்ட ஒதுக்கீட்டில் வீட்டுக்காரரின் முகக்குறிப்புக்கு இடமில்லை. அதே வீடுகள் பின்னர் வாடகைக்கு விடப்பட்டபோது பழைய வழக்கம் ஓரளவு திரும்பியது.

இரு பணியிடங்கள், ஒரு வீடு

வங்கி, தொலைபேசி நிலையம், அரசு அலுவலகம் ஆகியவற்றில் மணமான பெண்கள் பெருமளவில் பணியாற்றத் தொடங்கியபின் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பணியிடத் தொலைவுகளை அளக்க வேண்டியதாயிற்று. டிராம் நின்ற 1953 முதல் பறக்கும் இரயில் திருமயிலையைத் தொட்ட 1997 வரை மயிலாப்பூர்வாசிகளுக்குப் பேருந்தே துணை. தாம்பரம் வழித்தடத்தில் இருந்தோர்க்கு இரயில். இருவரில் ஒருவர் பாரிமுனைக்கும் மற்றவர் கிண்டிக்கும் செல்லவேண்டின் வீடு மாம்பலத்தை ஒட்டி அமைவதே இயல்பு. கணவரின் அலுவலகத்துக்கு அருகில் வீடு எடுத்து மனைவி இருமுறை பேருந்து மாறுவதும் வழக்கமாக இருந்தது. நாளொன்றுக்கு இருமணி நேரம் கூடுதல் பயணம் என்றால் 25 வேலைநாட்களுக்கு 50 மணி நேரம். சமையலும் குழந்தையும் காத்திருக்கும் வீட்டில் அந்நேரத்தை இழப்பவர் யார் என்பதை வாடகைக் கணக்கு பதிவுசெய்வதில்லை.

தரமணியில் 2000-இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் பழைய மாமல்லபுரம் சாலை நகரின் மற்றொரு மையமாயிற்று. பாரிமுனையை நோக்கி அமைந்த இரயில் வரைபடம் இச்சாலைக்குப் பயன்படவில்லை. நிறுவனப் பேருந்தை நம்பி, அலுவலகத்துக்கு அருகிலேயே துரைப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் அடுக்ககங்களில் குடியேறிய இளைஞர்கள் அருகமைவுக்காகக் கூடுதல் வாடகையும் லாரி நீருக்கான தொகையும் தந்தனர்.

அதே 2000-ஆம் ஆண்டளவில், அதே துரைப்பாக்கத்தில், நகரின் கால்வாய்க் கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்களை மறுகுடியமர்த்தக் கண்ணகி நகர் உருவாக்கப்பட்டது. பின்னர்ப் பெரும்பாக்கமும் அவ்வழியே எழுந்தது. மழையில் ஒழுகாத கூரையும் ஒதுக்கீட்டு ஆணையும் அவர்களுக்குக் கிடைத்தன. வீட்டு வேலை, கட்டட வேலை, மீன் விற்பனை, தள்ளுவண்டி என அவர்களின் பிழைப்பு பழைய இடத்திலேயே இருந்தது. காலை ஆறு மணிக்கு மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ பாத்திரம் துலக்க வேண்டிய பெண், நான்கு மணிக்கு எழுந்து பேருந்துக்கு நின்றார். இரு வீட்டு வேலைகளில் ஒன்றின் ஊதியம் பயணத்துக்குப் போனமையால் வேலையையே விட்டோரும் உண்டு. சில தெருக்கள் தள்ளி அலுவலகத்துக்கு அருகில் இருப்பதற்காக ஒருவர் அதிக வாடகை செலுத்திக்கொண்டிருந்த அதே ஊரில், வாடகையைப் பற்றியோ பகுதியைப் பற்றியோ தொலைவைப் பற்றியோ எவரும் கேட்காமல் கொண்டுவந்து இறக்கப்பட்ட இவர், அந்த அலுவலக வாயிலைக் கடந்து நகருக்குச் செல்லும் முதல் பேருந்தைப் பிடித்தார்.